செக்போஸ்ட் அடுத்தவனுக்குத்தானே!

ஏல பேராண்டி, நீ போன்ல பேசி அனுப்புனது வந்து சேந்துது. ரெண்டு தரம் கேட்டேன். ஒரு தரம் விஷயத்துக்கு, இன்னொரு தரம் சிரிக்கதுக்கு. சேக்காளி பதினோரு பேரு, ரெண்டு காரு, சனியும் ஞாயிறும். காலையில அகத்தியர் அருவியில குளி, மத்தியானம் காரையாறு, சாயங்காலம் மாஞ்சோலை. ராத்திரி காட்டுக்குள்ளயே கூடாரம் அடிச்சு, தீ மூட்டி, கறி சுட்டுத் திங்கணும். மேலேருந்து படம் பிடிக்க டிரோன் வேற. அம்புட்டையும் அடுக்கிட்டு கடைசியில மெதுவா ஒண்ணு போட்ட பாரு: "தாத்தா, செக்போஸ்ட்டுல உங்களுக்குப் பழக்கம் உண்டுல்லா, ஒரு சிபாரிசு சொல்லிருங்க."

சொல்லிருவோம், அதுக்கென்ன. நீ முதல்ல ஒரு ஞாயித்துக்கிழமை வெள்ளனே வந்து பாபநாசம் செக்போஸ்ட் பக்கம் என்கூட டீக்கடை பெஞ்சுல உக்காரு. சிபாரிசு இல்லாதவன் எத்தனை பேருன்னு எண்ணு. ஒருத்தரு கலெக்டர் ஆபீசுல வேலை பாக்கவருக்குச் சகலை. இன்னொருத்தரு மந்திரியோட டிரைவருக்கு மச்சினன். மூணாவது ஆளுக்கு யாரும் இல்லே, ஆனா கருப்புக் கண்ணாடி இருக்கு, அதைப் போட்டுக்கிட்டு "நான் யாரு தெரியுமா"ன்னு கேக்காரு. நிக்க கார்டு பாவம், இருபது வயசுப் பய, மழைக்கோட்டு கூட ஒழுங்கா இல்லே. அவன் நோட்டைப் பாக்கான், போனைப் பாக்கான், மேல ஆகாசத்தைப் பாக்கான்.

இதுல எனக்குப் பிடிச்ச கூத்து ஒண்ணு உண்டு. வரிசை நகரலேன்னதும் ஒவ்வொருத்தனும் காரை விட்டு இறங்குவான். இடுப்புல கையை வச்சுக்கிட்டு முன்னால நிக்க வண்டியெல்லாம் பாப்பான். பாத்துட்டு வீட்டுக்காரிகிட்ட சொல்லுவான், "என்ன கூட்டம் பாத்தியா! இப்படி வந்தா காடு என்னத்துக்கு ஆவும்?" அவனுக்குப் பின்னால நிக்கவன் அவன் முதுகைப் பாத்து அதையேதான் சொல்லிக்கிட்டிருப்பான். கூட்டத்துல நிக்க ஒருத்தனும் தான் கூட்டம்னு ஒத்துக்கிட்டு நான் பாத்ததில்லே.

நீ வாரது பூங்காவுக்கு இல்லே கேட்டியா, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு. முண்டந்துறை 1962-லயே புலிக்குன்னு ஒதுக்குன சரணாலயம். களக்காடு 1976-ல சிங்கவால் குரங்குக்காகச் சரணாலயம் ஆச்சு. ரெண்டையும் சேத்து 1988-ல புலிகள் காப்பகம்னு ஆக்குனாங்க, தமிழ்நாட்டுல அதுதான் முதல்ல. உள்காடு மட்டும் 895 சதுர கிலோமீட்டரு. தாமிரபரணி, மணிமுத்தாறு, சேர்வலாறு, கடனாநதி, ராமநதி, பச்சையாறு எல்லாத்துக்கும் தாய்வீடு அதுதான். தூத்துக்குடியில ஒருத்தன் குழாயைத் திறந்து வாய் கொப்புளிக்கான்னா அந்தத் தண்ணி இந்த மேக்குமலை குடுக்கது. அவன் இங்கன வந்ததே இருக்காது. வராமலே ஒழுங்கா அனுபவிக்கவன் அவன்தான்.

சிங்கவால் குரங்கு இருக்கே, அது தரைக்கு வாரது அபூர்வம். கிளை விட்டுக் கிளை தாவியே ஆயுசைக் கழிக்கும். ரோட்டை அகலமாக்கி மேல மரக்கூரையை ரெண்டாப் பிளந்துட்டா அந்தப் பக்கத்துக் குடும்பம் வேற, இந்தப் பக்கத்துக் குடும்பம் வேற. உன் கார் ரெண்டும் ஒண்ணையொண்ணு முந்தணும்னா ரோடு அகலமா இருக்கணும்னு நீ கேப்பே. நியாயந்தான். குரங்குக்குச் சிபாரிசு பிடிக்கத் தெரியலே.

இப்ப கொஞ்சம் பழங்கதை சொல்லுதேன். சிரிக்காமக் கேளு. அடிவாரத்து ஊர்கள்ல பொம்பளைங்க விடியக்கருக்கல்ல மலைக்குப் போயி விறகுக்கட்டு சுமந்து வருவாங்க. அதை வித்துத்தான் அன்னைக்கு உலை. மாடும் ஆடும் மேயப் போவும். காப்பகம்னு ஆனதும் இதெல்லாம் கூடாதுன்னாங்க. 1990-கள்ல உலக வங்கிப் பணத்துல ஒரு திட்டம் வந்துது. ஊருக்கு ஊரு கிராம வனக்குழு, கறவை மாட்டுக்குக் கடன், வேற தொழிலுக்குக் கடன், அடுப்புக்கு மாத்து வழி. ஏச்சுப்பேச்சு நிறைய நடந்துது, நடக்காம இருக்குமா. ஆனா கட்டுச் சுமை குறைஞ்சுது, வெட்டுப்பட்ட இடம் பச்சை பிடிச்சுது. காடு இன்னைக்கு உனக்குப் படம் பிடிக்க லட்சணமா நிக்குதுன்னா அதுல அந்தப் பொம்பளைங்க விட்டுக்குடுத்த கூலியும் சேந்திருக்கு.

அவங்ககிட்ட "வேண்டாம்"னு சொன்னப்போ ஒருத்திக்கும் சகலை கிடையாது, மச்சினன் கிடையாது. தலையில இருந்த கட்டை இறக்கி வச்சுட்டுத் திரும்பிட்டாங்க. அவங்க காலி பண்ணுன பாதையிலதான் இப்ப ஏசி போட்ட காரு ஏறுது. கார்க்காரன்கிட்ட "வேண்டாம்"னு சொன்னா அவனுக்கு மட்டும் ஏன்ல காது கேக்க மாட்டேங்கு?

சட்டம் இல்லாமலும் இல்லே. 2012-ல உச்ச நீதிமன்றம் புலிக்காட்டோட உள்பகுதியில சுற்றுலாவே கூடாதுன்னு ஜூலையில நிறுத்தி வச்சுது. அக்டோபருல விதிமுறை வந்ததும் தடையை எடுத்துது. அந்த விதி என்ன சொல்லுதுன்னா, உள்காட்டுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல ஆளை விடக்கூடாது. ஒரு பங்கு நமக்கு, நாலு பங்கு அதுகளுக்கு. நீ சொல்லி அனுப்புன இடமெல்லாம் வரிசையா யோசிச்சுப் பாத்தேன். ராத்திரி கூடாரம் அடிக்கணும்னு சொன்ன உள்காடு அந்த நாலு பங்குல கிடக்கு. உனக்கு வாய்ச்ச ருசி அப்படி.

"எத்தனை பேரு வரலாம்னு எப்படித் தாத்தா சொல்ல முடியும்?"னு நீ கேப்பே. கோனார்கிட்ட கேளு, சொல்லுவாரு. வயலுக்குக் கிடை போட ஆட்டைக் கொண்டுவந்தா, இந்த வயலுக்கு இத்தனை ஆடு, இத்தனை ராத்திரின்னு மண்ணைப் பாத்ததுமே சொல்லிருவாரு. அதுக்கு மேல ஒரு ராத்திரி அடைச்சா பயிரு கருகிரும்னு அவருக்குத் தெரியும். படிச்சவங்க இதுக்குத் தாங்குதிறன்னு பேரு வச்சிருக்காங்க, நல்ல பேருதான். ஆனா அவங்க தலையை மட்டும் எண்ணுதாங்க. கோனாரு ராத்திரியையும் எண்ணுவாரு.

மூணாறுக்குப் பக்கத்துல இரவிகுளம்னு ஒரு தேசியப் பூங்கா. வரையாடு குட்டி போடுத காலத்துல, பிப்ரவரி மார்ச் வாக்குல, கதவைச் சாத்திருவாங்க. நீ டெல்லியில இருந்து வந்தாலும் சரி, தேனிலவுக்கு வந்தாலும் சரி, பிரசவ வீட்டுக்குள்ள ஆம்பளைக்கு என்ன வேலைன்னு திருப்பி அனுப்பிருவாங்க. அந்த வரையாடுதான் நம்ம மாநில விலங்கு. அதுக்கு லீவு குடுக்கது பக்கத்து மாநிலம். நான் ஒண்ணும் சொல்லலே, நீயே நினைச்சுக்கோ.

ஊட்டிக் கதையையும் பாத்துருவோம். சீசன்ல ஒரு நாளைக்கு இருபதாயிரம் வண்டி மலையேறுதுன்னு ஹைகோர்ட்டுல கணக்கு வந்துது. 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ்னு உத்தரவு. ஆஹான்னு சனம் பயந்துது. பொறவு பாத்தா, கேட்டவனுக்கெல்லாம் பாஸு. எண்ணுனாங்க, நிறுத்தலே. கணக்குத் தெரிஞ்சதே பெரிசுன்னு வச்சுக்கிட்டாலும், மலைக்கு அதுல என்ன லாபம்? அடுத்த வருஷம்தான் கோர்ட்டு எல்லை கட்டுச்சு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதின்னா 6,000. அரசு பஸ்ல போறவனுக்குப் பாஸ் தொல்லை கிடையாது.

நல்ல காரியம், நான் கையெடுத்துக் கும்பிடுதேன். ஆனா ஒரு சந்தேகம் மட்டும் தொண்டையில நிக்கு. சனிக்கிழமை ஆனா மலை ரெண்டாயிரம் வண்டிக்குப் பெருசாவுமா? ஆனைக்கு வாரநாள் வழி வேற, ஞாயித்துக்கிழமை வழி வேறயா? கூட்டம் அதிகமா வார நாள்லதானே கதவு இறுக்கமா இருக்கணும். பெரிய எடத்துக் கணக்கு, எனக்குப் புரியலே. இன்னொண்ணு, ஒரு மலையில கதவு போட்டா காரு வீட்டுக்குத் திரும்பாது, பக்கத்து மலைக்குத் திரும்பும். அதனாலதான் 2025 நவம்பருல வால்பாறைக்கும் இ-பாஸ் போட வேண்டி வந்துது. நாளைக்கு இந்தப் பக்கம் தண்ணி விழுத பாறையெல்லாம் தேடி உங்க ஆளுக வருவாங்க, படத்தைப் போட்டு வழியும் சொல்லிக்கிட்டு.

சில புத்திசாலிக வேற யோசனை வச்சிருக்காங்க. டிக்கெட்டைக் கூட்டு, ஆயிரம் ரூவா, ரெண்டாயிரம் ரூவா ஆக்கு, கூட்டம் தன்னால குறையும்னு. குறையும்தான். அம்பாசமுத்திரத்துல இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வார கொத்தனார் குறைவாரு. நீ குறைய மாட்டே. காசு குடுத்தவன் காடு எனக்குக் கடன்பட்டிருக்குன்னு நினைச்சு ரெண்டு மடங்கு சத்தம் போடுவான். என்னைக் கேட்டா சீட்டுக் குலுக்கணும், அல்லது முந்தி வந்தவன் முந்தின்னு வைக்கணும். "இல்லே"ங்குத சொல்லு எல்லாருக்கும் ஒரே விலையில கிடைக்கணும்ல.

ஆமா, "உங்க சாமி கும்பிடுத கூட்டம் மட்டும் ஒழுங்கா?"ன்னு கேட்டிருந்தே. குத்துத கேள்விதான், ஆனா சரியான கேள்வி.

சொரிமுத்து அய்யனார் நமக்குச் சாஸ்தா, கோயிலு இந்தக் காட்டுக்குள்ளதான். காப்பகம் நேத்து வந்துது, அய்யன் என்னைக்கோ வந்தாச்சு. ஆடி அமாவாசைக்கு அங்கன கூடுத சனத்தை லட்சக்கணக்குலதான் சொல்லணும். முந்தியெல்லாம் மாட்டுவண்டி கட்டி, அரிசி பருப்பு மூட்டையோட போயி, ஆத்தோரம் குடில் போட்டு, நாள்கணக்குல கிடப்பாங்க. அப்ப கொண்டுபோனது மண்பானை, வாழையிலை, சாக்கு. விட்டுட்டு வந்தாலும் அடுத்த மழையில மண்ணோட மண்ணாயிரும். ஆளு பெருகிச்சு, பானை போயி பிளாஸ்டிக்கு வந்துது, பழக்கம் மட்டும் பழசாவே நின்னுது. திருவிழா முடிஞ்ச மறுநாள் அந்த ஆத்தங்கரையைப் பாத்தா அய்யனே மலைமேல இன்னும் நாலு மைலு தள்ளிக் குடியேறிருப்பாரோன்னு தோணும்.

பொறவு வனத்துறை தங்குத நாளைக் குறைச்சுது. தனியார் வண்டியைக் கீழயே நிறுத்தி அரசு பஸ்ல ஏத்துச்சு. பையைத் துழாவி பாலிதீனை வாங்கி வச்சுது. சனத்துக்குக் கோவம். "எங்க குலசாமியைக் கும்பிட உன்கிட்ட அனுமதியா?" அந்தக் கோவத்துல நியாயம் இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். காட்டை அளந்து கல்லு நட்டவன் வாரதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்தி அந்த வழியில நடந்த கூட்டம் அது. வனத்துறையும் சில வருஷம் கடைசி நேரத்துல ஒண்ணு சொல்லும், மறுநாள் மாத்தும், சனம் அலமலந்து போவும்.

ஆனா பஸ்ல ஏத்துனாங்களே, அப்ப ஒரு வேடிக்கை நடந்துது. பண்ணையாரும் பஸ்ல, பண்ணையில களை எடுக்கவளும் பஸ்ல. வக்கீலு கம்பியைப் பிடிச்சுத் தொங்குதாரு, அவருக்குக் கட்சிக்காரன் சீட்டுல உக்காந்திருக்கான். ஆட்டுக்கிடா ஒருத்தர் மடியில. சிபாரிசு ஏறுததுக்குப் படிக்கட்டுல இடமே இல்லே. அந்தக் கூட்டத்துல எனக்கு விலா நொறுங்கிப்போச்சு, இருந்தாலும் மனசுக்குள்ள ஒரு சந்தோஷம். ஆயிரம் காரு ஏறியிருந்தா ரோட்டோரம் காட்டுக்குள்ள ஆயிரம் காரு நிக்க இடம் வெட்டணும்லா?

சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதியை நீ பாத்ததில்லே, 2020-ல காலமாயிட்டாரு. ஆடி அமாவாசைக்கு ராஜ உடுப்பு போட்டு அங்கன உக்காந்து காட்சி குடுப்பாரு. அந்த மலையே ஒரு காலத்துல அவங்க ஜமீனுக்குச் சொந்தம். அப்படிப்பட்ட ராஜாவுக்கே அந்தக் காட்டுல வருஷத்துக்கு ஒரு தடவைதான் தர்பாரு. நீ என்னன்னா மாசாமாசம் வாரேங்கே.

அந்தக் கோயில்லயே பட்டவராயருன்னு ஒரு சாமி உண்டு. அவருக்குக் காணிக்கை செருப்பு. அளவெடுத்துத் தச்சுக் கொண்டுபோயிக் கட்டுவாங்க. அவரு அதைப் போட்டுக்கிட்டுக் காட்டைச் சுத்தி வாராருன்னும், அதான் அடி தேயுதுன்னும் சொல்லுவாங்க. உங்க ஆளுக அருவியில குளிச்சுட்டு விட்டுட்டுப் போற ஒத்தச் செருப்பை வச்சு அவரு என்ன செய்வாருன்னு எனக்கு விளங்கலே. ஜோடி சேந்தாலாவது காணிக்கையில சேத்துரலாம்.

கீழ பாபநாசத்துப் படித்துறை சங்கதி அதுக்கு மேல. பாவம் போவணும்னு வாரவங்க, முங்கி எழுந்திரிச்சு, உடுத்த துணியை ஆத்தோட விட்டுட்டுப் போறாங்க. கோர்ட்டு சொல்லியாச்சு, போர்டு வச்சாச்சு. ஊர்ப்பிள்ளைக இறங்கி வண்டி வண்டியா வேட்டியும் சேலையும் அள்ளிப் போடுதாங்க. பாவம் இவனுக்குப் போவுது, பழந்துணி மீனுக்குப் போவுது. அந்தத் தண்ணியைத்தான் கீழ ஊர்க்காரன் குடிக்கான். இப்படி ஒரு பாவத்தைக் கழுவ, துணியை விட்டவன் எந்த ஆத்துக்குப் போவணும்னு யாரும் சொல்லித்தரலே.

உன் சேக்காளி ஒருத்தன் குரங்குக்குப் போடச் சிப்ஸ் வாங்கியிருக்கதாச் சொன்னியே. நல்ல மனசு. ரோட்டோரத்து நாட்டுக் குரங்கு அதுக்குப் பழகிப்போச்சு. காட்டுக்குள்ள பழம் தேடி அலையுத சோலியை விட்டுட்டுக் காரு வாரதைப் பாத்துக் கல்லுமேல உக்காந்திருக்கு. ரோட்டைத் தாண்டி ஓடிவந்து சக்கரத்துல மாட்டுது. நீ குடுக்காத அன்னைக்குப் பக்கத்து ஊர்ல ஓட்டைப் பிரிச்சு அடுக்களைக்குள்ள இறங்குது. மிளா இருக்கே, அது பாவம் உப்பு ருசிக்காகச் சிப்ஸு கவரையே முழுங்கும், அசை போட முடியாம சாவும். உன் சேக்காளிக்குப் புண்ணியம் வேணும்னா அதை அவனே தின்னட்டும்.

காணிக்காரங்க குடியிருப்பு காரையாறு, சேர்வலாறு பக்கம் இருக்கு. அதையும் ஒரு வேடிக்கைன்னு நினைச்சு வாசல்ல நின்னு படம் எடுக்காதே. உங்க அப்பார்ட்மெண்டுல நீ பல்லு விளக்கும்போது அவங்க பத்து பேரு வந்து எடுத்தா உனக்கு எப்படி இருக்கும்னு மட்டும் யோசி.

ராத்திரி தீ மூட்டுத விஷயத்துக்கு வாரேன். இதுல நையாண்டி கிடையாது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. உன் வயசுப் பிள்ளைக, பாதிக்கு மேல படிச்சு வேலை பாக்குத பொண்ணுக, மலையேறப் போனாங்க. காஞ்ச புல்லுல தீ பிடிச்சுது. காத்து மேல்முகமா அடிக்கும்போது சரிவுல தீ ஆளை விட வேகமா ஏறும். எந்தப் பக்கம் ஓடணும்னு அந்த மலை தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும். 23 பேரு போயிட்டாங்க. கோடைக்கு முந்தி மலைப்பாதையை ஏன் அடைக்கான், உள்ளூரு ஆளு இல்லாம ஏன் விட மாட்டேங்கான்னு நீ கேட்டியே, இதுக்குத்தான். அதுக்குப் பொறவு மலையேத்தத்துக்குன்னு விதி எழுதுனாங்க. 2024 அக்டோபருல தமிழ்நாடு முழுக்க 40 பாதையைத் திறந்து, முன்கூட்டியே பதிஞ்சு, உள்ளூர்ப் பிள்ளைகளையும் பழங்குடிப் பிள்ளைகளையும் வழிகாட்டியாப் போட்டு நடத்துதாங்க. தீக்காலத்துல அதையும் நிறுத்திருவாங்க. நடக்க ஆசைன்னா அதுல பேரைக் குடு. வழிகாட்டுத பயலுக்கு நாலு காசு கிடைக்கும், நீயும் முழுசா வீட்டுக்கு வந்து சேருவே. கறி சுடணும்னா நம்ம கொல்லையில சுடு. அங்கன புலி வராது, உங்க ஆச்சி வருவா.

பாட்டிலைப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலே. நானாப் புரிஞ்சுக்கிட்டேன். நீலகிரியில என்ன செஞ்சாங்க தெரியுமா? குடிச்சுட்டுக் காட்டுல எறிஞ்ச பாட்டில் உடைஞ்சு ஆனையோட காலைக் கிழிச்சுது. ஆனைக்குக் கால் புண்ணானா அவ்வளவுதான், நிக்க முடியாது, நடக்க முடியாது, மெல்ல மெல்லச் சாவும். 2022-ல கோர்ட்டு பிடிச்ச பிடியில, பாட்டிலுக்குப் பத்து ரூவா கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா அந்தப் பத்தைத் திருப்பித் தாரதுன்னு வச்சாங்க. வித்த பாட்டில்ல பெரும்பகுதி திரும்பி வந்துட்டுது. எத்தனை வருஷமா எத்தனை போர்டு! "காடு நம் தாய்", "இயற்கையைக் காப்போம்", பள்ளிக்கூடப் பிள்ளைக ஊர்வலம். ஒருத்தனும் குனிஞ்சு எடுக்கலே. பத்து ரூவான்னதும் எறிஞ்சவனே திரும்பிப் போயித் தேடுதான். மனுசனை நல்லாத் தெரிஞ்சவன் யாரோதான் அந்த யோசனையைச் சொல்லியிருக்கணும்.

அதிகாரிமார்களுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லாட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. ஒரு கையால ரோட்டை அகலப்படுத்துதாங்க. அருவிக்குப் பக்கத்துல காங்கிரீட் மேடை, செல்ஃபி எடுக்க இங்கிலீசு எழுத்துல ஊரு பேரு, கலர் லைட்டு. சுற்றுலா வருமானம் கூடிட்டுதுன்னு பேப்பருல படம். இன்னொரு கையால, "ஐயோ கூட்டம் தாங்கலியே"ன்னு கன்னத்துல போட்டுக்கிடுதாங்க. வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு வாசல்ல ஒரு சின்னப் பயலை நிறுத்தி, "நீயே சமாளி"ன்னா அவன் யாரை நிறுத்துவான்? அவன் ஒருத்தனைத் தடுத்தா, அரை மணி நேரத்துல மேலேருந்து போன் வருது, "அவரு நம்ம ஆளு, விட்டுரு." காட்டுக்கு முதல் எதிரி கோடாலின்னு படிச்சிருப்பே. எனக்குத் தெரிஞ்சு அந்தப் போனுதான்.

சரி, சவத்தைத் தள்ளு. நீ எப்படி வரணும்னு சொல்லுதேன். காரை அம்பாசமுத்திரத்துலயே விட்டுரு, அரசு பஸ்ல வா. புதன்கிழமை வந்தா அகத்தியர் அருவியில உன் தலையில தண்ணி விழும். ஞாயித்துக்கிழமை வந்தா அடுத்தவன் தலையில விழுந்த சோப்புத் தண்ணி விழும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்ச் சிமிழு எல்லாம் வீட்டோட. டிரோனை உன் மாமனார் வீட்டு மேல பறக்க விடு, அங்கன என்ன பேசுதாங்கன்னு உனக்கும் தெரியணும்லா. காரையாறுல அணையை நின்னு பாரு. பாணதீர்த்தத்துக்கு முந்தி அந்த அணையில படகு விட்டாங்க, பொறவு அது நின்னுபோச்சு. நிறுத்துனாங்களேன்னு பொலம்புத ஆளுகளை அங்கனயே பாப்பே, அவங்களோட சேந்துக்கிடாதே. பொழுது சாய முந்தி வெளியே வந்துரு. அந்த நேரத்துக்கு மேல ரோடு கரடிக்கும் மிளாவுக்கும். பாட்டை அலற விடாதே, உன் ரசனை காட்டுக்குத் தெரிய வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. உங்க ஆச்சி கூட்டாஞ்சோறு ஆக்கி வாழையிலையில கட்டித் தாரேன்னா. பதினோரு சேக்காளின்னு நான் சொன்னதும் அடுக்களையில இருந்து சத்தமே வரலே. கொஞ்ச நேரம் கழிச்சுக் கரண்டியோட வெளிய வந்து அவ இ-பாஸ் கணக்கைச் சொல்லிட்டா: வார நாள்னா ஆறு பேரு, சனி ஞாயிறுன்னா நாலே பேரு, சிபாரிசு செல்லாது. அந்த நாலு பேருல நீ சேத்தியான்னு கேட்டேன். பாக்கலாம்னா.